சாம்பலைக் கூரை என்று நினைத்தவர்கள்

முதலில் ஒரு வாக்குமூலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்து போய் ஒரு மாதம் இருக்கும். எங்க ஆபீஸிலிருந்து ஒரு சனிக்கிழமை காலையில் இருபது பேர் கிளம்பி, வடசென்னைப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனோம். ஆளுக்கொரு டீ-ஷர்ட், காலை டிபன் பொட்டலம், போகும்போது ஒரு குரூப் போட்டோ, வரும்போது ஒரு குரூப் போட்டோ. வெள்ளத்தில் பயந்துபோன பிள்ளைகளுக்கு மனசு லேசாக வேண்டும், அதற்குக் கலைதான் மருந்து என்று மெயிலில் எழுதியிருந்தார்கள். நானும் நம்பினேன். சுவர் முழுக்க வெள்ளை அடித்து, அதன் மேல் வானவில், சிரிக்கிற சூரியன், பெரிதாக ஒரு டால்பின். டால்பின் என் கைவண்ணம். சுமாராகத்தான் வந்தது.

சாயங்காலம் பொட்டி படுக்கையைக் கட்டும் நேரத்தில் சத்துணவு சமைக்கிற அக்கா வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தச் சுவத்துல பசங்க போட்டு வரைஞ்சு வச்சிருந்தாங்களே, அத அழிச்சிட்டீங்களா?" என்றார்.

காலையில் நாங்கள் 'கிறுக்கல்' என்று நினைத்து வெள்ளை அடித்தது அதைத்தான். வெள்ளத்தில் உடைந்ததும் அடித்துப்போனதுமான போட்டுகளைப் பிள்ளைகள் கரியாலும் மிச்சமீதி பெயிண்டாலும் வரைந்து, பக்கத்தில் எது யார் வீட்டுடையது என்று எழுதி வைத்திருந்தார்களாம். இரண்டு கோட்டிங். நாங்கள் அடித்தது நல்ல பிராண்ட் வேற.

அந்த நாளிலிருந்து பேரிடரும் கலையும் என்கிற மேட்டரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். குற்றவுணர்ச்சிதான், வேறென்ன. அப்படிப் படித்ததில் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற கதை ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கதை இல்லை. நியூசிலாந்தில் கட்டப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய ஒரு மரவீட்டின் கதை. வீடு என்று சொல்வதுகூடத் தப்பு. அந்த மாவோரி மக்களுக்கு அது ஒரு பாட்டி. பெயர் ஹினெமிஹி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1880களில் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் தரவேரா ஏரிக்கரையில் தே வைரோவா என்று ஒரு கிராமம். தூஹோராங்கி என்கிற மாவோரிக் குழுவினர் வாழ்ந்த இடம். பக்கத்தில் வெந்நீர் ஊற்றுகளால் உண்டான இரண்டு பெரிய படிவரிசைகள், ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. அதைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வருவார்கள். படகு ஓட்டுவது, வழி காட்டுவது, ராத்திரியில் ஆடிப்பாடிக் காட்டுவது எல்லாம் உள்ளூர்க்காரர்கள். நல்ல வருமானம். அந்தக் காசில்தான் அப்போரோ என்ற தலைவர் 1881 வாக்கில் ஒரு பொதுமன்ற வீட்டைக் கட்டினார். செதுக்கியவர்கள் வேரோ தாரோய் என்ற மூத்த சிற்பியும், அவருடன் வேலை பார்த்த இளைஞர் தெனெ வைதேரெயும். வழக்கமாகச் சிலைகளின் கண்ணுக்கு ஒருவகைச் சிப்பி ஓட்டைப் பதிப்பார்கள். அப்போரோ இங்கிலாந்துத் தங்கக் காசுகளைப் பதிக்கச் சொன்னார். (கெத்து என்றால் இது.)

மாவோரிகளின் பொதுமன்ற வீட்டை நம்ம ஊர் மண்டபம் மாதிரி கற்பனை செய்யக்கூடாது. அந்த வீடே முன்னோர் ஒருவரின் உடம்பு. உச்சியில் இருப்பது முகம். முன்பக்கம் சரிந்து இறங்கும் இரண்டு பலகைகள் கைகள், அவற்றின் நுனியில் விரல்கள்கூட உண்டு. கூரையின் நடு உத்தரம் முதுகெலும்பு, சரங்கள் விலா எலும்பு. உள்ளே போகிறவர் அந்த முன்னோரின் வயிற்றுக்குள் போகிறார். சுவரோரத் தூண்களில் நிற்பவர்கள் எல்லோரும் பெயர் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள். கல்யாணம், சண்டை, சமாதானம், சாவு எல்லாம் அவர்கள் கண்முன்னால்தான். வெளியூரிலிருந்து வருகிறவர் மனிதர்களுக்கு வணக்கம் சொல்வதோடு வீட்டுக்கும் வணக்கம் சொல்வார், செத்துப்போனவர்களை விளித்துப் பேசுவார். நம் குலதெய்வக் கோயிலையும் தாத்தா வீட்டுத் திண்ணையையும் சேர்த்துப் பிசைந்தால் ஓரளவுக்குப் பக்கத்தில் வரலாம்.

1886 ஜூன் 10, நள்ளிரவு தாண்டி நிலம் ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் தரவேரா மலை வெடித்தது. சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்தது. விடிவதற்குள் உலகம் பார்க்க வந்த அந்தப் படிவரிசைகள் இல்லை. தே அரிகி, மௌரா என்று இரண்டு ஊர்கள் ஆட்களோடு புதைந்துபோயின. மொத்தம் 120 பேர் அளவில் இறந்திருப்பார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அநேகமாக எல்லோரும் மாவோரிகள்.

தே வைரோவா மேல் கொட்டியது சேறும் சாம்பலும் கல்லும். பாரம் தாங்காமல் வீடுகள் ஒவ்வொன்றாக நொறுங்கின. சோஃபியா என்ற வழிகாட்டிப் பெண்மணியின் செங்குத்துக் கூரைக் குடிசையில் ஒண்டியவர்கள் அறுபதுக்கும் மேல், பிழைத்தார்கள். ஹினெமிஹிக்குள் ஓடிவந்தவர்களும் பிழைத்தார்கள். கூரை இறங்க ஆரம்பித்தபோது உட்காரும் பெஞ்சுகளைத் தூக்கி முட்டுக்கொடுத்து ராத்திரி முழுக்கத் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அதைச் செதுக்கிய தெனெ வைதேரெயும் அவர் குடும்பமும் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். தான் செதுக்கிய பாட்டியின் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து, வெளியே ஊர் புதைகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார் மனிதர்.

பிறகு நடந்ததெல்லாம் எந்தப் பேரிடருக்கும் பொருந்துகிற கதை. பிழைத்தவர்கள் ஊரை விட்டார்கள். ரோட்டோருவா பக்கம் உறவுக்குழுவினர் இடம் கொடுத்தார்கள், ஃபகரேவரேவாவிலும் ங்காபுனாவிலும் குடியேறினார்கள். நிலம் போச்சு, பிழைப்பு போச்சு. கூடவே பழியும் வந்தது. துஹோதோ என்று ஒரு வயதான பூசாரி, நூறைத் தாண்டியவர் என்பார்கள். அவரை இடிபாட்டுக்குள்ளிருந்து நான்காம் நாள் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அவர் சாபம்தான் மலையை வெடிக்க வைத்தது என்று சொந்த சனத்திலேயே ஒரு பேச்சு. சுற்றுலாக் காசில் ஆடிய ஆட்டத்துக்குத் தண்டனை என்று இன்னொரு பேச்சு. அந்தக் கிழவர் சில வாரங்களில் இறந்தும் போனார். செத்தவனுக்கு அழவும் விடாமல் 'நீ என்ன பாவம் பண்ணினாய்' என்று கேட்கிற ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போல.

பாதி சேற்றில் புதைந்த ஹினெமிஹி தனியாக நின்றாள். ஆறு வருஷம்.

1892ல் நியூசிலாந்தின் கவர்னராக இருந்த ஆன்ஸ்லோ பிரபு ஊர் திரும்புகிறார். ஞாபகார்த்தமாக ஒரு மாவோரி வீட்டைக் கொண்டுபோக ஆசை. (நியூசிலாந்தில் பிறந்த தன் பையனுக்கு ஹுயியா என்று மாவோரிப் பெயர் வைத்தவர், பாசக்காரர்தான்.) அப்போரோவின் மகனிடமிருந்து ஹினெமிஹியை வாங்கினார். விலை 50 பவுண்டு. 23 செதுக்குப் பலகைகள் கழற்றப்பட்டு, கப்பலேறி, லண்டனுக்குத் தெற்கே சர்ரேயில் அவருடைய கிளாண்டன் மாளிகைத் தோட்டத்தில் போய் நின்றன. ஒரு ராத்திரி முழுக்க உயிர்களைக் காத்தவள், பிரபுவின் தோட்டத்து ஏரிக்கரையில் அலங்காரமானாள்.

'திருடினார்கள்' என்று எழுத என் கை துறுதுறுக்கிறது. ஆனால் திருடவில்லை, காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். விற்றவரும் சொந்தக்காரர்தான். எரிமலை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட குடும்பத்துக்கு அந்த 50 பவுண்டு என்னவாக இருந்திருக்கும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு உறைப்பது வேறு. பேரிடர் முடிந்த கையோடு, மக்கள் மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில்தான் இந்த மாதிரிப் பொருட்கள் கைமாறுகின்றன. சோறும் கூரையும் அவசரம், மற்றதெல்லாம் அப்புறம் என்று தோன்றுகிற நேரம் அது. அந்த 'அப்புறம்' வரும்போது பாட்டி இன்னொரு கண்டத்தில் இருக்கிறாள்.

1956ல் கிளாண்டன் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது. 1970களின் கடைசியில் ஹினெமிஹியைப் பழுதுபார்த்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான். பழைய போட்டோக்களைத் தேடி எடுத்தார்கள். ஒரு போட்டோவில் கூரை தடிமனாக, மொத்தையாக, ஓரங்கள் மழுங்கித் தெரிந்தது. ஆகா, புல் வேய்ந்த கூரை என்று முடிவுகட்டி, இங்கிலாந்து கிராமத்து வீடு மாதிரி கனமாகப் புல் வேய்ந்துவிட்டார்கள். அந்தப் போட்டோ எரிமலை வெடிப்புக்குப் பிறகு எடுத்தது. கூரை மேல் மொத்தையாக இருந்தது சாம்பல்! அசல் கூரை மரச்சில்லுகளால் ஆனது.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அடுத்த நொடி என் டால்பின் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். பேரிடருக்குப் பிந்தைய கலை என்றாலே நாம் வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற ஒன்றாகத்தான் நினைக்கிறோம். நாலு கலர் பென்சில், ஒரு பயிற்சிப் பட்டறை, ஒரு சுவர். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அதில் எது மிஞ்சியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தூஹோராங்கி மக்களுக்கு யாரும் கலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செத்தவர்களைப் பெயர் சொல்லி அழ ஒரு முறை இருந்தது, அழுவதற்கான இடம் இருந்தது, அந்த இடத்தைச் செதுக்கத் தெரிந்தவன் உயிரோடு இருந்தான். அந்த இடத்தைத்தான் கப்பலேற்றினார்கள். புல்கூரை போட்டவர்களிடம் திறமைக்கும் அக்கறைக்கும் பஞ்சமில்லை. போட்டோவைப் பார்த்ததும் "அய்யோ, இது அந்த ராத்திரிச் சாம்பலாச்சே" என்று சொல்லக்கூடிய ஒரு ஆள் பக்கத்தில் இல்லை, அவ்வளவே.

தெனெ வைதேரெ சும்மா இருக்கவில்லை. புதிதாகக் குடியேறிய ஃபகரேவரேவாவில் உளியைத் திரும்பவும் எடுத்தார். அங்கிருந்த ஹோட்டல் மேனேஜர் ஒருவருக்காக 1890களின் கடைசியில் மற்றவர்களோடு சேர்ந்து ராவுரு என்ற இன்னொரு பெரிய வீட்டைச் செதுக்கினார். அதுவும் விற்கப்பட்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாவம் மனிதர், அவர் எதைச் செய்தாலும் ஐரோப்பா போய்விடுகிறது! ஆனால் கைவேலை நிற்கவில்லை. ரோட்டோருவாவில் 1920களில் அபிரானா ங்காடா என்ற மாவோரி அரசியல்வாதியின் முயற்சியில் மரச்செதுக்குப் பள்ளி வந்தது. 1963ல் தனிச் சட்டமே போட்டு மாவோரிக் கலைகளுக்கான நிறுவனம் உண்டானது, அது இருப்பது இதே ஃபகரேவரேவாவில். எரிமலை துரத்திய மக்கள் போய் உட்கார்ந்த அதே மண்ணில்.

ஹினெமிஹியையும் மறக்கவில்லை. முதல் உலகப்போர் சமயத்தில் காயம்பட்டு இங்கிலாந்தில் தேறிக்கொண்டிருந்த மாவோரிச் சிப்பாய்கள் அவளை அங்கே பார்த்து, சரியான முறையில் நிறுத்த உதவினார்கள் என்று சொல்லப்படுகிறது. எங்கோ அயல்தேசத்தில் குண்டடிபட்டுக் கிடக்கிறவனுக்குத் தோட்டத்து மூலையில் பாட்டி நின்றுகொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிற்காலத்தில் லண்டனில் குடியேறிய மாவோரிகள் வருஷாவருஷம் அங்கே கூடி, மண்ணுக்குள் குழிதோண்டிச் சமைத்து, பாடி ஆடினார்கள். பிள்ளைகள் அந்தக் கூரையின் கீழ் தங்கள் பாஷை பேசினார்கள். 1995ல் தொலைந்துபோன சில பலகைகளுக்குப் பதிலாக நியூசிலாந்திலிருந்து சிற்பிகள் வந்து புதிதாகச் செதுக்கிச் சேர்த்தார்கள்.

2015 ஏப்ரலில் கிளாண்டன் மாளிகை தீப்பிடித்து எரிந்தது. செங்கல் கட்டடம், உள்ளே கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. அதே தோட்டத்தில் நின்ற மரவீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குச் சகுனத்திலெல்லாம் நம்பிக்கை இல்லை (பரீட்சை நாள் தவிர). இருந்தாலும் இரண்டாவது முறை!

2019 கடைசியில் நேஷனல் டிரஸ்ட் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. பழைய செதுக்குப் பலகைகள் நியூசிலாந்துக்குத் திரும்ப வேண்டும், பதிலுக்குக் கிளாண்டனுக்காகப் புதிய பலகைகளை மாவோரிச் சிற்பிகள் செதுக்கித் தர வேண்டும். பேச்சுவார்த்தையில் இருந்தவர்களில் தெனெ வைதேரெயின் வம்சத்தினரும் உண்டு.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை, நண்பன் ஒருவன் என்னிடம் மணிக்கணக்காகச் சண்டை போட்டான். "அங்கேயே விட்டிருந்தால் சேற்றில் மக்கிப் போயிருக்கும், வாங்கியதால்தானே இன்னைக்கு இருக்கு?" சரிதான். மக்கியிருக்கலாம். ஆனால் மாவோரி வழக்கத்தில் ஒரு வீடு மக்குவது பெரிய குற்றமில்லை. பழையது மண்ணோடு போகும், அதே பாட்டியின் பெயரில் புதியது எழும். ங்காபுனாவில் ஹினெமிஹியின் பெயரிலேயே ஒரு மன்றம் இருக்கிறது. நம் ஊரில் அய்யனார் கோயில் மண்குதிரையைப் பழசாகிறது என்று யாரும் கண்ணாடிப் பெட்டியில் பூட்டுவதில்லை, குயவரிடம் சொல்லிப் புதுக் குதிரை செய்கிறோம். பொருள் பிழைப்பது ஒரு விஷயம், செய்யத் தெரிந்த கை பிழைப்பது இன்னொரு விஷயம். இரண்டாவது இருந்தால் முதலாவதை மறுபடி உண்டாக்கலாம், திருப்பிப் போட்டால் வேலைக்காகாது.

அவனுடைய இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "அப்போ லண்டன் மாவோரிகளுக்கு? அவங்களுக்கு அது தானே வீடு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே அவர்களுக்கு அது இழப்பு. பரிமாற்றம் என்ற யோசனை அந்த இழப்பை முழுசாகச் சரிசெய்யாது என்றாலும், எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் வேலைதான். பழசை மட்டும் பெட்டி கட்டி அனுப்பியிருந்தால் ஒரு செய்தித்தாள் போட்டோவோடு முடிந்திருக்கும். புதுசு செதுக்க வேண்டும் என்றால் மரம் தேட வேண்டும், எந்தத் தூணில் யார் நிற்க வேண்டும் என்று பெரியவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் அந்த ராத்திரிக் கதை வரும், யார் தப்பித்தார்கள், யார் தே அரிகியிலேயே தங்கிவிட்டார்கள் என்று. உளி பிடிக்கிற இருபது வயசுப் பையன் காதில் அது விழும். 1886ல் நடந்தது அவனுக்குப் பள்ளிக்கூடப் பாடமாக இல்லாமல் கை வேலையாக வந்து சேரும். நான்கைந்து தலைமுறைக்கு அப்புறம் ஆறுதல் என்றால் இந்த மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். எழுத்தாளர்கள் யாராவது இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள், நான் பொட்டி தட்டுகிறவன்.

போன வாரம் ஆபீஸில் மறுபடியும் அந்த மெயில் வந்தது. இந்த வருஷம் வேறு குப்பம், வேறு சுவர், அதே டீ-ஷர்ட். ரிப்ளை ஆல் போடக்கூடாது என்று தெரிந்தே போட்டேன். பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் ஓரமாக உட்காரலாம், வெள்ளை அடிக்கும் முன்னால் சுவரில் என்ன இருக்கிறது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்று எழுதினேன். ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில் வந்தது. நல்ல யோசனையாம், ஆனால் நாம் வரையவில்லை என்றால் டீம் ஆக்டிவிட்டி என்ற கணக்கில் வராதாம்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அந்த அக்கா இருந்தால் அந்தப் போட்டுகள் யார் யாருடையவை என்று கேட்க வேண்டும்.